தூண் வரைக்கும்தான் வழி

ஒரு முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வர இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆகும் என்றார் டிராவல்ஸ்காரர். இரண்டு பேருக்கு அவசர விசா, போக வர டிக்கெட், எல்லாம் சேர்த்து.

"ஒண்ணு இருபதுக்கு முடிச்சுக் கொடுங்க" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் கிடையாது. கடைத்தெருவில் அவருக்குப் பெயரே பாதிவிலைக்காரர்தான். எதற்கு என்ன விலை சொன்னாலும் அதில் சரிபாதியைக் கேட்பார். கேட்டுவிட்டுப் பொருளைக் கீழே வைப்பார். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். மூன்று கடை தாண்டுவதற்குள் முதுகுக்குப் பின்னால் "சரி, வாங்க, வாங்க" என்று குரல் வந்துவிடும். பல் டாக்டரிடம்கூட, பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பிடுங்கினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டவர். டாக்டர் குறைத்தார் என்பதுதான் அதில் விசேஷம்.

ஆனால் அன்றைக்கு அவர் கேட்டது வெறும் வாய்ப்பழக்கம். கண் வேறெங்கோ இருந்தது. டிராவல்ஸ்காரர் தன் கமிஷனை அப்படியே விட்டுக்கொடுத்துவிட்டு, "இதுக்கு மேல கேக்காதீங்கண்ணே. எனக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

செத்துப்போனது பாத்திரக்கடைக்காரரின் ஒரே மகன். வெளிநாட்டில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். முப்பதுகூட ஆகாத நெஞ்சு.

அவனைக் கடையில் உட்காரவைக்கத்தான் அப்பா ஆசைப்பட்டார். உட்கார்ந்தும் பார்த்தான். யார் வந்து குடத்தைத் தூக்கி என்ன விலை என்று கேட்டாலும், கடைசி விலையை முதலிலேயே சொல்லிவிடுவான். அதற்கு மேல் குறைக்கவும் தெரியாது, குறைக்காமல் நிற்கவும் தெரியாது, முகம் சிவந்துவிடும். "உனக்கு வியாபார நாக்கே இல்லடா" என்பார் அப்பா. "எல்லாத்துக்கும் ஒரே விலை ஒட்டி வெச்சிருக்கிற ஊரா பாத்துப் போறேன்ப்பா" என்று சிரித்துக்கொண்டே போனான். போன இடத்திலிருந்து ஒரு தடவை லீவில் வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு, லீவு முடிந்ததும் திரும்பிப் போனான். மனைவிக்கு விசா வரக் காத்திருந்தார்கள். அது வருவதற்குள் இது வந்துவிட்டது.

கம்பெனியிலிருந்து போன் பண்ணியவர் நம் பாஷை தெரிந்தவர். பக்குவமாகத்தான் சொன்னார். உடலை அனுப்பிவைப்பது கம்பெனி பொறுப்பு; ஆனால் தகடு போட்ட பெட்டியில் வைத்து ஈயத்தால் பற்றவைத்து மூடி, அரசாங்க முத்திரை வைத்துவிட்டால் அப்புறம் ஊரில் யாரும் திறக்கக் கூடாது. முகம் பார்க்க வேண்டுமென்றால் மூடுவதற்குள் வந்துவிடுங்கள்.

பாத்திரக்கடைக்காரர் தான் மட்டும் போவதாகத்தான் இருந்தார். செய்தி வந்த நாளிலிருந்து வாயே திறக்காத மருமகள் அன்றைக்கு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"நானும் வரேன் மாமா."

"நீ எதுக்கும்மா அலைஞ்சுக்கிட்டு? அவ்வளவு தூரம்."

"மூடின பெட்டிய வெச்சுக்கிட்டு அழ எனக்குத் தெரியாது. முகத்தைப் பாக்கணும்."

மாமியார் இல்லாத வீடு. அவளுக்காகப் பேச வேறு ஆளும் கிடையாது. அவர் இரண்டு பேருக்கும் சேர்த்து விசா கேட்கக் கிளம்பினார்.

*

விமானம் காலையில் நேரத்துக்கே இறங்கியது. உச்சிப் பொழுதில் முத்திரை அதிகாரி வருவார், அதற்குள் வந்தால் போதும், தாராளமாக நேரம் இருக்கிறது என்று கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வெளிநாட்டில் கால் வைத்த பாத்திரக்கடைக்காரருக்கு, அந்தக் கட்டடம் கண்ணைக் கட்டியது. எந்தப் பக்கம் பார்த்தாலும் கண்ணாடி, அம்புக்குறி, படிக்க முடியாத எழுத்து. ஜனமெல்லாம் ஒரு பக்கம் ஓடியது. அவரும் அதோடு ஓடப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் வேண்டாம் மாமா. இப்படி வாங்க."

மருமகள் இடது பக்கம் திரும்பினாள். நகரும் படிக்கட்டில் இறங்கினாள். பாஸ்போர்ட் பார்க்கும் கூடத்தில் எல்லாரும் முதல் வரிசைகளில் அடித்துப் பிடித்து நிற்க, அவள் நேராகக் கோடிக்குப் போனாள். அங்கே ஒரு தூணுக்குப் பின்னால் யாரும் கவனிக்காத ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அவருக்குக் கைக்குட்டையை எடுத்து நெற்றி துடைக்க நேரம் கிடைப்பதற்குள் இருவர் பாஸ்போர்ட்டிலும் முத்திரை விழுந்துவிட்டது.

புதுப்பெண்ணாக வீட்டுக்கு வந்தபோது உப்பு ஜாடி எது என்று தெரியாமல் திணறிய பெண். இங்கே என்னவோ பிறந்து வளர்ந்த வீடு மாதிரி நடக்கிறாள். படித்த பிள்ளைகள், செல்போனில் பார்த்துவைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வெளியே வரும் வழியில் சிம் கார்டு விற்கிற கடை இருந்தது. மருமகள் அங்கே நின்றாள்.

"ஒண்ணு வாங்கிக்கலாம் மாமா. அந்தக் கம்பெனிக்காரருக்கு வந்துட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லிடலாம்."

அவர் விலையைப் பார்த்தார். செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து அதில் பாதியை அடித்து, கடைப் பையனிடம் நீட்டினார். பாஷை எதற்கு; எண்ணுக்கு உலகம் பூராவும் ஒரே முகம்தான். பையன் எண்ணைப் பார்த்தான், சுவரில் இருந்த அட்டையைக் காட்டினான். அவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"இறங்கின இடத்துல வாங்குறவன்தாம்மா ஏமாளி. வெளியில பாதிக்குக் கிடைக்கும்."

பையன் கூப்பிடவில்லை. அடுத்த ஆளுக்கு விற்கத் தொடங்கிவிட்டான்.

கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் டாக்ஸி வரிசை.

"ரயில் இருக்கு மாமா. கீழயே" என்றாள் அவள்.

"ரயில்ல இடிபட்டுக்கிட்டா? நீ இருக்கிற நிலையில? சும்மா இரும்மா. கார்ல போலாம்."

அவர் மனசார அப்படித்தான் நினைத்தார். தாலி இறங்கப்போகிற கழுத்தோடு ஒரு பெண்ணை ஊர் பேர் தெரியாத கூட்டத்தில் நிற்கவைக்க அவருக்கு இஷ்டமில்லை. காரில்தான் கூட்டிப்போக வேண்டும். ஆனால் காரை நியாயமான விலைக்குத்தான் பிடிக்க வேண்டும். அவர் வளர்ந்த தெருவில் இந்த இரண்டுக்கும் சண்டையே கிடையாது.

டாக்ஸிக் கூண்டில் ஓர் அம்மாள் இருந்தாள். முகவரியைப் பார்த்து ஒரு தொகை எழுதிக் காட்டினாள். இவர் பாதியை அடித்துக் காட்டினார். அவள் புரியாமல் பார்த்து, மறுபடியும் தன் தொகையைக் காட்டினாள். இவர் சிரித்தார். முதல் விலைக்குச் சிரிக்கிற சிரிப்பு அது, பெரிய பெரிய மொத்த வியாபாரிகளையே அசைத்திருக்கிறது. அவளுக்கு அது ஏதோ வெளியூர்க்காரரின் மரியாதை என்று பட்டிருக்க வேண்டும். அவளும் பதிலுக்குச் சிரித்துவைத்தாள்.

அவர் கைப்பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். மருமகள் பின்னால் வந்தாள்.

நடைபாதை ஓரமாக நிதானமாக நடந்தார். தலை முன்னால் இருந்தது, காது பின்னால் இருந்தது. கோடி வரைக்கும் போயாயிற்று. கூப்பிடவில்லை. குனிந்து செருப்பை ஒருதரம் சரிசெய்தார். கூப்பிடுகிறவர்களுக்கு அவகாசம் கொடுக்கிற வழக்கம். அதற்கும் யாரும் கூப்பிடவில்லை.

"வரும்மா, வரும். கொஞ்சம் பிகு பண்ணுறாங்க."

திரும்பிப் போனபோது வரிசை வளர்ந்திருந்தது. நின்று நகர்ந்து கூண்டை அடைந்தார். அதே அம்மாள், அதே தொகை. இவர் பாதியிலிருந்து முக்காலுக்கு ஏறி வந்தார். இவ்வளவு ஏறிவந்ததை ஊரில் யாராவது பார்த்திருந்தால் கடையை அடைத்துவிட்டு வந்து வேடிக்கை பார்த்திருப்பார்கள். அவள் தலையை ஆட்டினாள். இரண்டாவது தடவையும் நடந்தார். இந்தத் தடவை எதிர்ப்பக்கம், வேறு கூண்டுக்கு. அங்கேயும் வரிசை, அங்கேயும் அதே தொகை. முதல் கூண்டுக்கும் இதற்கும் நடுவில் ஒரு சின்ன எண்கூட வித்தியாசமில்லை என்பதுதான் அவரை நிலைகுலைய வைத்தது. போட்டி போடாத இரண்டு கடைகளை அவர் பார்த்ததே இல்லை.

மருமகள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். இப்போது மெதுவாகச் சொன்னாள்.

"இங்க யாரும் திரும்பக் கூப்பிட மாட்டாங்க மாமா. விலகிப் போனா போனதுதான். அவர் சொல்வார்."

"அதெப்படி கூப்பிடாம?"

"மாட்டாங்க மாமா."

அவர் வெயிலைப் பார்த்தார். காலை இளசு போய்விட்டிருந்தது.

"சரி. ரயில் எங்க இருக்கு?" என்றார்.

*

கீழே இறங்கினால் வேறு உலகம். அவள் மிஷினுக்கு முன்னால் நின்று இரண்டாவது பொத்தானை அழுத்தினாள், அப்புறம் கீழே ஒன்றை அழுத்தினாள். இரண்டு சீட்டுகள் விழுந்தன. பாத்திரக்கடைக்காரர் விலையை இரண்டு தடவை பார்த்தார். டாக்ஸிக்காரி கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

"இந்த விலைன்னு முன்னாடியே ஏம்மா சொல்லல?"

அவள் சீட்டுகளை எடுத்துக்கொண்டாள். மேலேயே சொல்லத்தான் செய்திருந்தாள், ரயில் இருக்கிறது என்று. அது அவருக்கும் ஞாபகம் வந்தது.

"முன் பெட்டில ஏறணும். அப்பத்தான் இறங்கும்போது படி பக்கத்துல வரும்" என்றாள். ஏறியதும், "வலது பக்கம் உக்காருங்க மாமா. பாலம் வரும், தண்ணி தெரியும்."

யாரும் இடிக்கவில்லை. எதிரே ஒரு கிழவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் காலணியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடியிருந்தாள். சுரங்கத்திலிருந்து ரயில் வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் பாலம் வந்தது, தண்ணீர் தெரிந்தது.

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம்?"

"அவர் சொல்வார் மாமா. தினமும் போன்ல."

"என்னத்த?"

"வர்ற வழிய. இறங்கினதும் இடது பக்கம் திரும்பு. கோடி ஜன்னலுக்குப் போ, அங்க கூட்டம் இருக்காது. சிம் அங்கயே வாங்கிடு, எனக்கு உடனே பேசணும். டாக்ஸிக்குப் போகாத, ரோட்டுல சிக்கிடும். ரெண்டாவது பொத்தான். முன் பெட்டி." அவள் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். "தப்பில்லாம ஒப்பிச்சாத்தான் போனை வைப்பார். நடுவுல விட்டுட்டா முதல்லேர்ந்து."

"இதையேவா தினமும் பேசினீங்க?"

"வேற என்ன மாமா பேச? ஒண்ணா இருந்ததே கொஞ்ச நாள். பேசறதுக்குப் பழசுன்னு எதுவும் சேரல. அதான் வரப்போறதப் பேசினோம்."

பாத்திரக்கடைக்காரர் தண்ணீரைப் பார்த்தார். வியாபார நாக்கு இல்லை என்று அவர் சொன்ன பையன், விற்பதற்கு ஒன்றுமே இல்லாமல், ஒரு ரயில் பாதையை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை மாதக்கணக்கில் சந்தோஷமாக வைத்திருந்திருக்கிறான். 

நகரத்து நிலையத்தில் இறங்கினார்கள். படி பக்கத்திலேயே வந்தது. அவள் ஏறினாள், தடுப்பில் சீட்டைக் காட்டினாள், செருப்பு தைக்கிற கடையைத் தாண்டினாள், வலது பக்கம் திரும்பினாள். பெரிய மண்டபம். நடுவில் பச்சைத் தூண் ஒன்று. அதுவரை ஒரு இடத்திலும் தயங்காத கால், தூணுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டது. கைப்பையைத் தரையில் வைத்தாள்.

"ஏம்மா, கால் வலிக்குதா?"

"இல்ல மாமா."

"பின்ன வா. எந்த வாசல்?"

"இதுக்கு மேல தெரியாது மாமா."

"தெரியாதுன்னா?"

"தூண் வரைக்கும்தான் சொன்னார். இங்க வந்து நில்லு, அப்புறம் நான் பாத்துக்கறேன்னார்."

ஜனங்கள் தூணைச் சுற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் போனார்கள். அவள் அழவில்லை. வரச் சொன்ன இடத்துக்கு நேரத்தோடு வந்துவிட்ட ஆளைப் போல நின்றாள். கண் மட்டும் வருகிற முகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு விட்டது. பாத்திரக்கடைக்காரருக்கு அவளை அங்கிருந்து கிளப்பும் வார்த்தை கிடைக்கவில்லை. வாழ்நாள் பூராவும் பேசியே காரியம் சாதித்த மனிதர். கடைசியில் தரையிலிருந்த கைப்பையைத் தானே எடுத்துக்கொண்டார்.

"வாம்மா. இனிமே நான் கூட்டிட்டுப் போறேன்."

வாசலில் நின்ற முதல் காரில் ஏறினார். முகவரியைக் காட்டினார். விலை கேட்கவில்லை. கார் இறக்கிவிட்டபோது ஓட்டுநர் சொன்ன தொகையைக் கொடுத்தார். மிச்சத்தை வாங்கவும் மறந்தார்.

*

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தாழ்ந்த கட்டடம். நடைகூடத்தில் காலடி வைத்ததுமே பாத்திரக்கடைக்காரருக்கு அந்த வாசனை வந்தது. நாற்பது வருஷம் பட்டறைகளில் ஏறி இறங்கியவர். ஈயம் உருகிய வாசனை. அவர் நடை வேகமானது.

கம்பெனிக்காரர் எழுந்து ஓடிவந்தார். இளைஞர். கண் சிவந்திருந்தது.

"எங்க ஐயா போயிட்டீங்க? போனும் கிடைக்கல. விமானம் இறங்கினதைப் பாத்துட்டு, ரயில்ல வந்தா எவ்வளவு நேரம், கார்ல வந்தா எவ்வளவு நேரம்னு எல்லாம் கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். அதுக்கு மேலயும் நிறுத்தி வெக்கச் சொன்னேன். அதிகாரி பொறுத்துத்தான் பாத்தார். இன்னிக்கு ராத்திரி விமானத்துல ஏத்தணும்னா அதுக்கு மேல முடியாதுன்னுட்டாங்க."

அறையில் வெள்ளை ஓடு பதித்த தரை. ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் மேசை மேல் பெட்டி. ஓரத்தில் ஒருவர் உபகரணங்களைத் துணியில் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். கோட்டு போட்ட அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

பாத்திரக்கடைக்காரர் போய்த் தகட்டின் விளிம்பில் விரலை வைத்தார். இன்னும் சூடு போகவில்லை. பற்றவைத்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அந்த விரலுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. டாக்ஸிக் கூண்டுக்கும் கூண்டுக்கும் நடந்த நேரத்தில் பாதிகூட இல்லை.

"திறக்கச் சொல்லுங்க."

"முடியாது ஐயா. முத்திரை விழுந்துடுச்சு."

"என்ன கேக்குறாங்க? கேட்டுச் சொல்லுங்க."

"கேக்குறதுக்கு இதுல ஒண்ணுமில்ல ஐயா."

அவர் இடுப்புப் பையை அவிழ்த்தார். இருந்த நோட்டையெல்லாம் மேசை மேல் வைத்தார். மோதிரத்தைக் கழற்றி அதன் மேல் வைத்தார். விலை சொல்வதற்கு முன்னால் அவர் பணத்தை எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. "எவ்வளவுன்னாலும் சரின்னு சொல்லுங்க. குறைச்சுக் கேக்க மாட்டேன்னு சொல்லுங்க தம்பி."

கம்பெனிக்காரர் சொன்னார். அதிகாரி நோட்டுகளைப் பார்த்தார். கோபப்படவில்லை. மோதிரம் உருண்டுவிடாமல் ஒரு கையால் அணைத்து, மெதுவாக அவர் பக்கமே தள்ளிவைத்தார். ஏதோ சொன்னார்.

"ரொம்ப வருத்தமா இருக்காம் ஐயா."

மருமகள் அதுவரை கதவோரம் நின்றிருந்தாள். உள்ளே வந்து, "தலை எந்தப் பக்கம்னு கேளுங்க" என்றாள்.

துணியால் துடைத்துக்கொண்டிருந்தவரே எழுந்து வந்து காட்டினார். அவள் அந்தப் பக்கம் போய்க் குனிந்தாள். தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தாள்.

"சூடா இருக்கு மாமா."

அது ஈயத்தின் சூடு என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை.

"ஆமாம்மா" என்றார்.

அவள் சூடு ஆறுகிற வரைக்கும் அப்படியே இருந்தாள். அந்த மனிதர்களும் அவளை அவசரப்படுத்தவில்லை.

பெட்டியை வண்டியில் ஏற்றும் வரை நடைகூடத்து பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கம்பெனிக்காரர் இரண்டு காகிதக் கோப்பையில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இரண்டும் ஆடை படிந்து ஆறின.

"மாமா" என்றாள் அவள். குரலில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் அவரால் கொஞ்சம் தாங்கியிருக்க முடியும். "அந்த டாக்ஸில எவ்வளவு குறைச்சுக் கேட்டீங்க?"

அவர் தொகையைச் சொன்னார்.

"நம்ம கடையில அதுக்கு என்ன வரும்?"

"அஞ்சு டம்ளர் வரும்மா. எவர்சில்வர்."

"சிம்முக்கு?"

"ரெண்டு சின்னக் கிண்ணம்."

"சரி மாமா" என்றாள்.

கொள்முதலுக்குப் போன இடத்தில் கணக்கை முடிக்காமல் பாத்திரக்கடைக்காரர் எழுந்ததில்லை. அந்த பெஞ்சிலும் முடிக்கப் பார்த்தார். ஒரு பக்கம் அஞ்சு டம்ளர், ரெண்டு கிண்ணம். அதுவும் குறைக்கப் பார்த்ததுதான், ஒரு காசு குறையவில்லை. மறுபக்கம் மருமகள் பார்க்க வந்த ஒரு முகம். எப்படித் திருப்பிப் போட்டும் ஒன்றில் ஒன்று கழியவில்லை. வண்டி தயார் என்று கூப்பிட்டார்கள். முகத்தைத் தன் பேரில் பாக்கி வைத்துவிட்டு எழுந்தார்.